கிழக்கே பறந்த தார்ப்பாய்

இதை எழுத உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துப் பிழைக்குப் பயந்து தள்ளிப் போடுகிறேன் என்று வீட்டில் சொல்லி வந்தேன். அது பாதி நிஜம். மீதி என்னவென்றால், எங்கள் ஊர் கீழவைப்பாரில் ஒரு வருஷம் மாதா கோயில் திருவிழாவுக்குப் போட்ட பந்தல் இந்தக் கதையில் வருகிறது. அந்தப் பந்தலில் முழங்காலில் நின்று ஜெபித்தவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். தங்கள் தலைக்கு மேலே இருந்தது எப்படி அங்கே வந்தது என்று அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. பந்தலைப் போட்ட என் மாமா போன வருஷம் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார். அங்கே அவருக்கு விசாரணை முடிந்திருக்கும். இனிமேல் இங்கே நான் மட்டும் மறைத்து வைத்து ஆகப் போவது ஒன்றுமில்லை.

லாரித் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் வாசித்தாலும் வருத்தமில்லை.

1. ஆக்டிங் டிரைவர்

யுத்த காலம். பெட்ரோலுக்கு ரேஷன். அதனால் எங்கள் லாரி கரியில் ஓடியது. பாடிக்கும் கேபினுக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு டிரம் நிற்கும். அதற்குள் அடுப்புக்கரியைப் போட்டுப் பற்றவைத்து, கைப்பிடி போட்ட ஊதுவிசிறியை அரை மணி நேரம் சுற்றினால் கேஸ் வரும். அந்த கேஸில்தான் இன்ஜின் ஓடும். ஏற்றத்தில் மாட்டுவண்டி எங்களை முந்திக்கொண்டு போகும். வண்டிக்காரன் திரும்பிப் பார்த்து, “கயிறு தரட்டுமா அண்ணாச்சி?” என்று கேட்பான்.

முதலாளி காயல்பட்டினத்துக்காரர். ஐந்து வேளையும் தொழுகை தப்பாதவர். பேச்சில் இனிமை இருக்கும். கண்ணில் தராசு இருக்கும். அவரிடம் நான் ஐந்து வருஷம் கிளீனராக இருந்தேன். பழைய டிரைவர் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் என்னை ஆக்டிங் டிரைவர் ஆக்கினார்.

“ஏலே, மூணு தேயிலை லோடு. மலையிலிருந்து எடுத்து தூத்துக்குடி ஹார்பர் ஷெட்டுல எறக்கணும். ஷெட் கிளார்க் புஸ்தகத்துல ஒரு ரிமார்க் இருக்கக் கூடாது. மூணும் சுத்தமா வந்தா நீ பெர்மனென்ட். ஒண்ணு அழுக்கானாலும் மறுபடி கிளீனர்” என்றார்.

இரண்டு லோடு சுத்தமாக வந்துவிட்டது. மூன்றாவதில் என் கல்யாணமும் இருந்தது. பாளையங்கோட்டையில் எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் தகப்பனார் என் குணத்தைப் பற்றியோ கோயிலுக்குப் போகிறேனா என்பதைப் பற்றியோ கேட்கவில்லை. “வேலை பெர்மனென்டா?” என்று மட்டும் கேட்டார். இந்த லோடு இறங்கியதும் பதில் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.

எனக்குக் கிளீனராக வந்தவர் சுடலைமுத்து அண்ணாச்சி. ஆறுமுகநேரி உப்பளத்தில் பாதி வாழ்க்கையைப் போட்டுவிட்டு ஐம்பது வயதில் லாரிக்கு வந்தவர். அவர் சொல்லும் பொய் கேட்க நிஜத்தைவிட நன்றாக இருக்கும்.

2. மாமா கேட்டது

மூன்றாவது டிரிப் திருவிழாவோடு மோதிக்கொண்டது. வியாழக்கிழமை மலை ஏறினால், பெட்டி கட்டி முடியும் வரை அங்கே காத்திருந்து, திங்கட்கிழமைதான் இறங்க முடியும். சப்பரம் சனிக்கிழமை. பிறந்ததிலிருந்து நான் சப்பரம் பார்க்காத வருஷமில்லை. மனசு சரியில்லாமல் மாமாவிடம் போய்ச் சொன்னேன்.

மாமா அப்போது வேறு துக்கத்தில் இருந்தார். “ஏலே, பந்தலுக்குக் கீத்து பத்தல. மாதா முன்னால ஜனங்க வெயில்ல கெடக்கும். ஒன் லாரில ஒரு தார்ப்பாய் உண்டுல்லா?”

“அது மொதலாளிது மாமா.”

“மாதா அதத் திங்கவா போறா? நிழலுக்குத்தான கேக்கேன். ஒன்னால வர முடியாது. ஒனக்குப் பதிலா அது வரட்டும்.”

அந்தக் கடைசி வாக்கியம் என்னை விழுத்தாட்டிவிட்டது. நான் இல்லாத குறைக்கு என் தார்ப்பாய் மாதாவுக்கு நிழல் கொடுக்கும் என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீரே வந்தது. பிறர் பொருளைக் கொடுக்கும்போது எவ்வளவு தாராளமாக அழுகை வருகிறது பாருங்கள்.

லாரிக்கு என்ன செய்வது? மாமாவே வழி சொன்னார். அவருடைய வள்ளத்தின் பழைய பாய் ஒன்று கிடந்தது. மரப்பட்டைச் சாயம் ஏறிய முரட்டுத் துணி. பத்துப் பன்னிரண்டு வருஷம் கடலில் காற்றுப் பிடித்து, அதன் பிறகு கரையில் கருவாட்டுக்கு விரிப்பாகக் கிடந்தது. நானும் சுடலைமுத்து அண்ணாச்சியும் அதை மோந்து பார்த்தோம். ஒரு வாடையும் இல்லை. அவர் உப்பளத்துக்காரர், நான் கீழவைப்பார்க்காரன். இருவருடைய மூக்கும் சாட்சி சொல்லத் தகுதி இல்லாதவை என்பது அப்போது எங்கள் புத்தியில் ஏறவில்லை.

வியாழக்கிழமை காலையில் புறப்படும்போது முதலாளி வழக்கம்போலக் கேட்டார்: “தார்ப்பாய் பத்திரமா இருக்கா?”

“பத்திரமா இருக்கு மொதலாளி.”

பொய் இல்லையே, மாதா கோயிலைவிடப் பத்திரமான இடம் எது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாயின் மேல் அண்ணாச்சி கரிமூட்டையைப் போட்டு மறைத்திருந்தார்.

3. மலையில்

கல்லிடைக்குறிச்சியைத் தாண்டி மேற்கே மலை ஏறினால் ஒரு டீ எஸ்டேட். ஏறும்போது உப்பு, அரிசி, எஸ்டேட் கடைக்குக் கருவாடு. இறங்கும்போது தேயிலைப் பெட்டி.

தேயிலையைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையைத் தேயிலை இழுத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய், வெங்காயம், கருவாடு மூன்றும் கிட்டே வரக் கூடாது. அதனால் கருவாட்டை இறக்கியதும் லாரியின் அடிப்பலகையைச் சாம்பலும் சீயக்காயும் போட்டு இரண்டு முறை கழுவினோம். காயவைத்தோம். லோடு பார்க்கிற எஸ்டேட் ரைட்டர் கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு வந்தார். மலைக் குளிரில் அவருக்கு ஒரு வாரமாக ஜலதோஷம். குனிந்து மூக்கை உறிஞ்சினார். தும்மினார். “சுத்தமா இருக்கு, ஏத்து” என்றார்.

நாற்பது பெட்டி ஏற்றினோம். மேலே பாயை விரித்துக் கட்டினோம். அதைக் கழுவ வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஞாயிறு இரவு முழுக்க மழை.

திங்கள் விடியற்காலை ரைட்டர் ஒரு சீட்டோடு ஒரு அம்மாளை அனுப்பினார். பெயர் தங்கம்மா. பேக்டரியில் தூள் சலித்துத் தரம் பிரிக்கிற வேலை. மகளுக்குத் தூத்துக்குடியில் பிரசவம். லாரியில் ஏற்றிப் போகும்படி சீட்டில் இருந்தது.

“பதிமூணு வருசம் ஆச்சு தம்பி மலைய விட்டு எறங்கி” என்று சொல்லிக்கொண்டே கேபினில் ஏறினாள். “மெதுவாப் போ. எல்லாத்தையும் பாக்கணும்.”

“இது கரி லாரி அக்கா. வேகமாப் போன்னு சொன்னாத்தான் கஷ்டம்” என்றேன்.

4. தங்கம்மாவின் மூக்கு

சிலுவை போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். எதிரே பத்தடிக்கு மேல் தெரியவில்லை. மேகம் ரோட்டில் படுத்திருந்தது. ஒரு பக்கம் பாறையில் தண்ணீர் ஒழுகுகிறது, மறு பக்கம் பள்ளம். பள்ளத்துக்குள்ளிருந்து அருவிச் சத்தம் மட்டும் வருகிறது. அண்ணாச்சி கையில் முட்டுக்கட்டையோடு புட்போர்டில் நின்றார். கொண்டை ஊசி வளைவில் ஒரே திருப்பில் லாரி திரும்பாது. பின்னால் எடுத்து மறுபடி திருப்ப வேண்டும். அப்போது அவர் குதித்து இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பார்.

மூன்றாவது வளைவில் தங்கம்மா மூக்கைச் சுளித்தாள். “தம்பி, லாரிக்குள்ள மீன் இருக்கா?”

“இல்லயேக்கா.”

“மணக்கே.”

“எனக்கு ஒண்ணும் மணக்கலயே. அண்ணாச்சி, ஒமக்கு?”

அண்ணாச்சி ஜன்னலுக்குள் தலையை விட்டு நன்றாக இழுத்தார். “தேயில மணக்கு. கரிப்புகை மணக்கு. அந்தா ரோட்டுல கெடக்க யான லத்தி மணக்கு. வேற ஒண்ணும் இல்ல.”

“நிப்பாட்டு தம்பி” என்றாள் தங்கம்மா.

இறங்கினாள், சேலையைச் செருகிக்கொண்டு பின்னால் ஏறினாள், பாயின் ஓரத்தைத் தூக்கினாள். தூக்கிய வேகத்தில் கீழே போட்டுவிட்டாள்.

“ஏ சாமி! ஆதிச்சநல்லூர்ல தாழியத் தோண்டி எடுத்தாக்கூட இப்படி மணக்காதே! என்னத்தவே போத்தி வச்சிருக்கீரு?”

காய்ந்த பாய்க்கு வாடை இல்லை. மழையில் நனைந்ததும் பன்னிரண்டு வருஷத்து மீனும் கருவாடும் எழுந்து உட்கார்ந்துவிட்டன. எனக்கு அழுகை வந்துவிட்டது. ரிமார்க் என்ற வார்த்தை கண் முன்னால் வந்தது. பாளையங்கோட்டைப் பெண்ணின் தகப்பனார் முகமும் வந்தது.

“அழாத. பெட்டிக்குள்ள ஈயத்தாள் இருக்கு. அது கிழியாம இருந்தா தூள் பொழைச்சுக்கிடும். வாடை வெளிப் பலகைலதான். காத்தும் வெயிலும் பட்டாப் போவும். இந்தப் பாய மட்டும் எடுத்துடணும்” என்றாள்.

“மேகத்துக்குள்ள எடுத்தாப் பெட்டி நனையுமேக்கா?”

“அப்ப மேகத்தத் தாண்டு.”

கீழிருந்து நாலாவது வளைவில் மேகம் முடிந்தது. யாரோ கதவைத் திறந்த மாதிரி வெயில் விழுந்தது. கீழே சமவெளி முழுவதும் தெரிந்தது. குளங்கள், கரையோரத்துப் பனைகள், வயல், நடுவில் தாமிரபரணி. தங்கம்மா வாயைத் திறந்தபடி நின்றாள். நாங்களோ அந்த அழகுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாயை அவிழ்த்துக்கொண்டிருந்தோம். பாய் தொங்கிக் குழி விழுந்த இடத்தில் மழைத் தண்ணீர் தேங்கி, மேல் வரிசையில் இரண்டு பெட்டிகளின் மேல் சொட்டியிருந்தது. மற்ற பெட்டிகள் காய்ந்துதான் இருந்தன.

பாயை எங்கே வைப்பது? கரி டிரம் பக்கம் வைத்தால் தீப்பிடிக்கும். மாமாவின் சொத்து, எறியவும் முடியாது. லாரியின் வாலில் சுருட்டிக் கட்டினோம். கல்லிடைக்குறிச்சிக்குள் நுழைந்ததும் நாலு நாய்கள் பின்னால் ஓடி வந்தன. கடைத்தெரு முடிவதற்குள் பதினோரு நாய்கள். வீட்டுக் கூரைகளில் காக்கைகள் வேறு. ஜனங்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். அண்ணாச்சி புட்போர்டில் நின்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தார்.

சேரன்மாதேவியில் ஆற்றைப் பார்த்ததும் தங்கம்மா மறுபடி நிறுத்தச் சொன்னாள்.

“ஷெட் நாலு மணிக்குப் பூட்டிருவான்க்கா. தோணி இன்னைக்கே பெட்டிய ஏத்திக்கிட்டுக் கப்பலுக்குப் போவுது.”

“இது நான் பொறந்த ஆத்துக்கரை. ஒனக்கு மூக்கு வேணும்னா எனக்குக் கால் நனையணும்.”

நிறுத்தினோம். படித்துறையில் இறங்கி முழங்கால் வரை நின்றாள். முகத்தைக் கழுவினாள். ஒரு கை அள்ளிக் குடித்தாள். நானும் இறங்கிப் படியில் உட்கார்ந்துகொண்டேன். பிறகு வந்து பெட்டி பெட்டியாக மோந்தாள்.

“ஒண்ணும் தெரியல” என்றாள்.

நானும் அண்ணாச்சியும் கட்டிப் பிடித்துக்கொண்டோம்.

“எதுக்குத் துள்ளுதீங்க? போயிட்டுன்னு நான் சொன்னேனா? எனக்குத் தெரியலன்னேன். காலைலருந்து ஒங்க கூட வாரேன். என் மூக்கும் கெட்டுப் போச்சு. இனி வேற மூக்குதான் பாக்கணும்.”

5. பிள்ளைவாள் கடை

வேறு மூக்குக்கு எங்கே போவது? பாளையங்கோட்டையைத் தாண்டி ரோட்டோரம் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடை உண்டு. கடைக்காரரைப் பிள்ளைவாள் என்றுதான் கூப்பிடுவோம். தலைமுறை தலைமுறையாக வெங்காயத்தைக்கூட யோசித்துத் தின்கிற வீடு. அங்கே நிறுத்தலாம் என்று சொன்னது அண்ணாச்சி.

நாங்கள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. லாரி நிற்பதற்குள் பிள்ளைவாள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்தார்.

“வே! அங்கனயே நிப்பாட்டும்! இலை போட்டிருக்கேன்! பத்துப் பேரு சாப்பிடுதாங்க!”

பாயை அவிழ்த்து ஒரு பர்லாங் தூரத்தில் பனை மூட்டில் போட்டுவிட்டு வந்து விஷயத்தைச் சொன்னேன். ஒவ்வொரு பெட்டியாக மோந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

“சிவ சிவா! எங்க வீட்டுல மீனுங்க வார்த்தையையே சொல்ல மாட்டோம்வே. மோக்கச் சொல்லுதீரே!”

அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டார். “அன்னதானம் பண்ணுத கையி. ஒரு மூக்கு தானம் பண்ணக் கூடாதா? இந்தப் பெட்டிய நம்பித்தான் இந்தப் பையன் கல்யாணம் நிக்கி பிள்ளைவாள். பொண்ணு ஒங்க பாளையங்கோட்டை.”

பிள்ளைவாள் உள்ளே போய்த் திருநீறு பூசிக்கொண்டு வந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு லாரியில் ஏறினார். பிராகாரம் சுற்றுகிற மாதிரி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பெட்டி முன்னும் நின்று கண்ணை மூடி மூச்சை இழுத்தார். சாப்பிட்டுக் கை கழுவாதவர்கள்கூட வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

“இது தேயில. இது தேயில. இதும் தேயில.” மேல் வரிசையின் நடுவுக்கு வந்ததும் குமட்டினார். “இந்தா, இது. அந்தா, பக்கத்துல அது. இது ரெண்டையும் வீட்டுக்குள்ள சேக்க முடியாது. மத்ததெல்லாம் சுத்தம்.”

தண்ணீர் சொட்டிய அதே இரண்டு பெட்டிகள். ஒன்றில் ஆணி இறங்கிய இடத்தில் பலகை பிளந்திருந்ததையும் பார்த்தேன். இரண்டையும் இறக்கி வெயிலில் வைத்தோம். சாப்பிட்டோம். பிள்ளைவாள் மறுபடி வந்து மோந்துவிட்டுத் தலையை ஆட்டினார். வாடை குறைந்திருந்தது, போகவில்லை.

மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. இனித் தங்க முடியாது. பாயைத் திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று பனை மூட்டிலேயே விட்டோம். பெட்டியை ஏற்றும்போது அண்ணாச்சி அந்த இரண்டையும் அடி வரிசையில் உள்ளே தள்ளி, மேலே நல்ல பெட்டியை அடுக்கினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தடுக்கவில்லை. இதை எழுதும்போது இந்த இடத்தில் பேனா ஓடவில்லை என்றாலும், நடந்தது அதுதான்.

6. பொய் ஒத்திகை

வல்லநாட்டைத் தாண்டியதும் தரை செம்மண்ணாகிப் பனங்காடு வந்தது. அண்ணாச்சி ஜன்னலில் தலையை விட்டு அடுத்த வேலையைத் தொடங்கினார்.

“தார்ப்பாய் எங்கன்னு மொதலாளி கேப்பாரு. என்ன சொல்லுவ?”

“தெரியல அண்ணாச்சி.”

“நீ வாயத் தொறக்காத. நான் சொல்லுதேன். மலையில பேய்க்காத்து. கயித்த அத்துக்கிட்டு தார்ப்பாய் பறந்துட்டு. அப்பறம் ஒரு எஸ்டேட் சாக்கப் போத்திக் கொண்டாந்தோம். எப்படி?”

“சாக்கு எங்க?” என்று தங்கம்மா கேட்டாள்.

“அதும் பறந்துட்டு.”

மனசுக்குள் ஜெபமாலை சொல்லத் தொடங்கினேன். இரண்டு ‘அருள் நிறைந்த மரியே’ முடிவதற்குள் நிறுத்திவிட்டேன். மாதாவுக்கென்று எடுத்த பொருளை முதலாளியிடமிருந்து மறைத்துத் தரும்படி மாதாவிடமே எப்படிக் கேட்பது? பந்தலை இன்னும் பிரித்திருக்க மாட்டார்கள்; அவள் அந்த நேரத்தில் அந்தத் தார்ப்பாயின் கீழேதான் நின்றுகொண்டிருக்கிறாள். அவளுக்குத் தெரியாதா?

உப்பளங்கள் வந்தன. வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள். அதன் பின்னால் கடல். தங்கம்மா முதல் முதலாகக் கடலைப் பார்க்கிறாள். என்ன சொல்வாள் என்று நானும் அண்ணாச்சியும் அவள் முகத்தையே பார்த்தோம்.

“இம்புட்டுத் தண்ணிய வச்சுக்கிட்டா எம்மவ குடிக்கத் தண்ணி இல்லன்னு கடுதாசி போடுதா?” என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். “அது சரி. கடல் பூரா ஒங்க பாய் மாதிரில்லா மணக்கு!”

7. ஷெட்

ஷெட் வாசலில் லாரியை நிறுத்தும்போது மூன்றரை மணி. எதிர் ஷெட்டில் கொழும்புக்குப் போகிற கருவாட்டுச் சிப்பங்கள். கிளார்க் புஸ்தகத்தோடு நின்றார். அவருக்குப் பக்கத்தில் முதலாளி நின்றார். அவர் சாதாரணமாக ஷெட்டுக்கு வருவதில்லை.

கிளார்க் ஏறினார். குனிந்தார். அங்கே இங்கே மூக்கை வைத்து இழுத்தார். “நல்ல மணம். சுத்தமா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார். அவர் அந்த ஷெட்டில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறவர். எதிரே கருவாடு. அவர் மூக்கும் எங்கள் ஜாதிதான்.

அப்போது முதலாளி கேட்டார். “பெட்டி தெறந்து கெடக்கே. தார்ப்பாய் எங்கலே?”

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி முன்னால் வந்துவிட்டார்.

“அத ஏன் கேக்கீங்க மொதலாளி! மலையில அப்படி ஒரு காத்து! மேகம் பிச்சுக்கிட்டு ஓடுது. மரம் சாயுது. நாலு கயித்தையும் அத்துக்கிட்டுத் தார்ப்பாய் மேல எந்திச்சுது பாருங்க, கருடன் மாதிரி! நான் ஒரு மூலையப் பிடிச்சேன். என்னையும் தூக்கிட்டு. உசிரு முக்கியம்னு விட்டுட்டேன்.”

முதலாளி தாடியைத் தடவினார். “நல்ல வேளை விட்டீரு. எந்தப் பக்கமாப் பறந்துது?”

“கெழக்க மொதலாளி.”

“கெழக்கன்னா... அம்பாசமுத்திரத்துப் பக்கமா?”

“அதையும் தாண்டி மொதலாளி. கண்ணுக்கெட்டாத தூரம்.”

“பாளையங்கோட்டையையும் தாண்டிருக்குமோ?”

“தாண்டிருக்கும் மொதலாளி! அந்தக் காத்துக்கு எதுவும் நிக்காது!”

“தாண்டிப் போயி கீழவைப்பார்ல எறங்கிருக்குமோ?”

கருடனைக் காட்டிய கையை அண்ணாச்சி மெதுவாக இறக்கினார்.

“சனிக்கெழம சப்பரத்துக்கு என்னையும் மரியாதைக்குக் கூப்பிட்டிருந்தாங்க” என்றார் முதலாளி. “போனேன். நல்ல எடமாப் பாத்து உக்கார வச்சாங்க. அண்ணாந்து பாக்கேன், தலைக்கு மேல என் பேரு. பக்கத்துல லாரி நம்பர். தலகீழாத் தொங்குது. இது என்ன புதுமைன்னு இருந்தேன். காத்துல பறந்து வந்ததுன்னு இப்பத்தான தெரியுது.”

அவர் அண்ணாச்சியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளார்க்கின் பேனா புஸ்தகத்தில் இறங்கப் போகிறது. இறங்கிவிட்டால் லோடு சுத்தம், மூன்றும் சுத்தம். தார்ப்பாய்க்குத் திட்டு வாங்கினாலும் வேலை நிலைக்கும். அந்த இரண்டு பெட்டி கப்பலேறிப் போய்விடும். சீமையில் யாரோ குடிக்கப் போகிறார்கள். இதெல்லாம் ஒரு நொடியில் மனசில் ஓடியது.

“சார், எழுதாதீங்க” என்றேன். “அடி வரிசையில ரெண்டு பெட்டி நனைஞ்சிருக்கு. மொதலாளி, தார்ப்பாயக் கோயிலுக்குக் குடுத்தது நான். வள்ளத்துப் பாயப் போத்துனதும் நான். அண்ணாச்சி மேல தப்பில்ல.”

“நான் மோந்து பாத்தேனேவே!” என்றார் கிளார்க்.

“நீரும் இந்த ஊருதான?” என்றாள் தங்கம்மா.

இரண்டு பெட்டிகளையும் இறக்கித் திறந்தார்கள். தங்கம்மா ஓரமாகத் திரும்பிச் சேலைத் தலைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பிடித் தூளை எடுத்துக் கையில் வைத்து ஊதினாள், மோந்தாள், மூக்கை மட்டும் நம்பாமல் ஒரு துளி நாக்கிலும் வைத்தாள். “இது சுகமா இருக்கு. ஈயத்தாள் காப்பாத்திட்டு. அது போச்சு” என்றாள். ஆணி இறங்கிய பெட்டிதான் போனது.

கிளார்க் எழுதினார்: ஒரு பெட்டி கேடு, டிரைவரே சொன்னது. அதுதான் என் ரிமார்க்.

நான் லாரிச் சாவியை எடுத்து முதலாளியிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“ஏலே, அந்தப் பந்தலுக்குக் கீழ உக்காந்ததுலருந்து மூணு நாளா யோசிச்சேன். நீ வந்து பொய் சொன்னா என்ன பண்ணணும்னு முடிவு பண்ணி வச்சிருந்தேன். நீ நெசத்தச் சொன்னா என்ன பண்ணணும்னு யோசிக்கவே இல்ல. இப்ப ஒன்னால எனக்குக் கஷ்டம்” என்றார். நீட்டிய சாவியை என் கைக்குள்ளேயே மடக்கினார். “சாவிய வச்சுக்கோ. தப்புக்குத் தண்டனை உண்டு. அந்தக் கெட்ட பெட்டி ஒனக்கு. ஒரு தூள் பாக்கி இல்லாமக் குடிச்சுத் தீக்கணும். தீந்த அன்னைக்கு நீ பெர்மனென்ட்.”

அண்ணாச்சியின் பக்கம் திரும்பினார். “நீரு இனிமே லாரில கதை சொல்லுத நேரத்துல கரி ஊதும்.”

8. பெட்டி தீர்ந்த கதை

ஒரு பெட்டித் தேயிலை என்பது சாதாரணமில்லை. அம்மாவிடம் கொடுத்தேன். தண்டனை என்பதால் முகத்தைச் சுளித்துக்கொண்டு முதல் கிளாஸைக் குடித்தேன். ஒன்றும் தெரியவில்லை. அம்மா குடித்தாள். “நல்ல தூள்லா!” என்றாள். மாமா வந்து மூன்று கிளாஸ் குடித்தார். தெருவில் எல்லாருக்கும் கொடுத்தோம். கீழவைப்பாரில் ஒரு ஆள்கூடக் குறை சொல்லவில்லை. இன்னும் உண்டா என்று கேட்டார்கள். ஊரே சேர்ந்து குடித்ததால் எட்டே மாதத்தில் பெட்டி காலி. காலிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போய் முதலாளி முன்னால் இறக்கினேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்தார். அதே மாதம் எனக்குக் கல்யாணம்.

ஒரு பொட்டலம் மட்டும் அடுக்களையில் தங்கிவிட்டது எங்களுக்குத் தெரியாது. பாளையங்கோட்டையிலிருந்து வந்த என் மனைவி கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் அதைக் கண்டெடுத்துத் தேயிலை போட்டாள். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். “ஒங்க ஊருல தேயிலைக்குள்ள மீன் போடுவாங்களோ?” என்று கேட்டாள். அன்றைக்குத்தான் எங்கள் ஊருக்கு மூக்கு வந்தது.

தார்ப்பாய் திரும்பி வந்தது. அடுத்த வருஷம் திருவிழாவுக்கு முதலாளியே கொடுத்தனுப்பினார். “எழுத்து கீழ பாக்கக் கட்டச் சொல்லு. அண்ணாந்து பாக்கவன் எல்லாம் படிக்கட்டும்” என்றார். மலைத் தேயிலை ஏற்றும் ஒவ்வொரு டிரிப்பிலும் பிள்ளைவாள் கடையில் நிறுத்தி அவரை மோக்கச் சொல்வது எங்கள் லாரியின் சட்டமாகிவிட்டது. பிற்பாடு அவர் அதற்கென்று ஒரு துண்டே தனியாக வைத்திருந்தார்.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இரண்டுதான். லோடு ஏற்றுமுன் உன் மூக்கை நம்பாதே; உன் ஊர்க்காரன் மூக்கையும் நம்பாதே; உன்னோடு சாப்பிடாத ஒருவனைக் கூப்பிட்டுக் காட்டு. அடுத்தது, தப்பு நடந்தால் பேனா புஸ்தகத்தில் இறங்குவதற்கு முன்னால் சொல்லிவிடு. அந்த ஒரு நொடிக்கு எனக்குத் தைரியம் கொடுத்தது மாதாதான் என்று நான் நம்புகிறேன். தார்ப்பாய்க்கு அவள் கொடுத்த வாடகை அது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தக் கதை ஏற்கெனவே எங்கள் பக்கம் வாய் வாயாக ஓடிக்கொண்டிருக்கிறது. கப்பலே திரும்பி வந்ததாகச் சொல்கிறார்கள். நாற்பது பெட்டியும் கடலில் கொட்டியதாகச் சொல்கிறார்கள். தார்ப்பாய் நிஜமாகவே பறந்து வந்து பந்தலில் விழுந்தது, அது மாதா செய்த புதுமை, அற்புதம் என்று ஒரு அம்மாள் என்னிடமே சொன்னாள். இது அத்தனையும் சுடலைமுத்து அண்ணாச்சியின் வேலை. அவர் சாகிற வரை ஊதிக்கொண்டேதான் இருந்தார். நீங்கள் யாருக்காவது சொன்னால் இருந்தபடியே சொல்லுங்கள். நனைந்தது இரண்டு, கெட்டது ஒன்று. தார்ப்பாய் பறக்கவில்லை, நான்தான் சுருட்டித் தோளில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.